சொந்தச் செலவில் சூனியம்

பால் வெஸ்டர்பெர்க் பிறந்தது 1959 டிசம்பர் 31 அன்று. வருஷமே கடையைக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்த பிள்ளை. நேரம் பார்த்து வந்து நிற்கும் சாமர்த்தியம் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை.

ஊர் மினியாபொலிஸ். 1979-ல் அவருக்கு வேலை, டேவிட் டூரன்பெர்கர் என்ற அமெரிக்க செனட்டரின் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்குவது. ஒருநாள் வேலை முடிந்து நடந்து வந்தவர், ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டிலிருந்து கிளம்பிய இரைச்சலைக் கேட்டு நின்றுவிட்டார். உள்ளே ஒரு கோஷ்டி 'யெஸ்' குழுவின் 'ரவுண்டபவுட்' பாட்டைக் கொலை செய்துகொண்டிருந்தது. எட்டரை நிமிஷப் பாட்டு அது. விரல் வித்தை தெரிந்த மேதாவிகள், அந்த வித்தையைக் காட்டுவதற்கென்றே செய்து வைத்தது. அதை வாசிக்கத் தெரியாமல், ஆனாலும் விடமாட்டேன் என்று இத்தனை வெறியோடு வாசிக்கிற இந்தப் பாவிகள் யார்? வெஸ்டர்பெர்க் புதருக்குள் பதுங்கி நின்று கேட்டார். ராக் வரலாற்றில் புதரில் ஆரம்பித்த சங்கீத வாழ்க்கை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர். கிட்டார் பாப் ஸ்டின்சன். வீட்டுக்குப் பெரியவன், 'யெஸ்' பக்தன். பேஸ் கிட்டார் அவன் தம்பி டாமி. வயசு பன்னிரண்டு. பையன் தெருவில் சுற்றிக் கெட்டுப்போய்விடக் கூடாது என்று அண்ணன்காரன் பதினோரு வயசிலேயே கழுத்தில் பேஸை மாட்டிவிட்டிருந்தான். பிள்ளை அழுதபோது மிட்டாயும் குளிர்பானமும் லஞ்சமாகக் கொடுக்கப்பட்டன. டிரம்ஸ் கிறிஸ் மார்ஸ். அதிகம் பேசாதவர், படம் வரைகிறவர். வெஸ்டர்பெர்க்கையும் சேர்த்து நாலு பேரில் ஒருவரிடமும் பள்ளி முடித்த சான்றிதழ் கிடையாது. ஓட்டுநர் உரிமமும் கிடையாது. நாடு முழுக்க வேனில் சுற்ற வேண்டிய தொழிலுக்கு இந்தத் தகுதிகளோடுதான் வந்தார்கள்.

அப்போது குழுவின் பெயர் டாக்பிரெத். அதில் பாடுவதற்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். கிட்டார் வாசிக்கச் சேர்ந்த வெஸ்டர்பெர்க்குக்கோ தானே பாட வேண்டும் என்று ஆசை. என்ன செய்தார் தெரியுமா? பாடகரைத் தனியாக அழைத்துப் போய், "உன்னை இவங்களுக்குப் பிடிக்கலை" என்று ரகசியம் சொன்னார். அந்த அப்பாவி போய்விட்டார். பிற்காலத்தில் உலகமே 'ஒளிவுமறைவில்லாத கவிஞன்' என்று கொண்டாடப்போகும் மனிதர், மைக்கைப் பிடித்தது இப்படி ஒரு பச்சைப் பொய்யைச் சொல்லித்தான்.

அடுத்து இம்பெடிமென்ட்ஸ் என்று பெயரை மாற்றினார்கள். 1980 ஜூனில் ஒரு தேவாலய மண்டபத்தில் கச்சேரி. குடித்துவிட்டு ஏறி, அந்தக் கூடத்திலிருந்தே தடை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். கெட்ட பெயர் வந்துவிட்டதால் வேறு பெயர் தேவைப்பட்டது. வரவேண்டியவர்கள் வராமல் போனால் அவர்கள் இடத்தில் ஏறுகிற ஆட்கள் என்ற பொருளில் 'தி ரீப்ளேஸ்மென்ட்ஸ்'. ஆறு வருஷம் கழித்து இந்தப் பெயர் அட்சர சுத்தமாகப் பலிக்கப்போகிறது.

பாட்டுகளை ஒரு கேசட்டில் பதிந்து, பீட்டர் ஜெஸ்பர்சன் என்பவரிடம் கொடுத்தார் வெஸ்டர்பெர்க். ஜெஸ்பர்சன் ஓர் இசைத்தட்டுக் கடையின் மேலாளர், லாங்ஹார்ன் என்ற மதுக்கூடத்தில் இரவில் பாட்டுப் போடுகிறவர், ட்வின் டோன் என்ற சிறிய இசைக் கம்பெனியின் பங்காளி. மூன்று கதவுகளுக்கும் ஒரே சாவி. ஆனால் வெஸ்டர்பெர்க் கேட்டதென்னவோ அந்த மதுக்கூடத்தில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். ஜெஸ்பர்சன் திரும்பி வந்து, சிங்கிளா ஆல்பமா என்ன போடலாம் என்று கேட்டபோது, இதையெல்லாம் பதிவு செய்வார்களா என்று ஆசாமி திகைத்துப் போனாராம். டாமி பள்ளியை விட்டுவிட்டு ஊர் ஊராக வருவதற்காக, ஜெஸ்பர்சன் அந்தப் பையனுக்குச் சட்டப்படி கார்டியனாகவும் கையெழுத்துப் போட்டார். குழுவின் மேலாளர் வேலையில் ஹோம்வொர்க் பார்ப்பது சேர்த்தி இல்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.

1981-ல் முதல் ஆல்பம், 'ஸாரி மா, ஃபர்காட் டு டேக் அவுட் தி ட்ராஷ்'. பதினெட்டுப் பாட்டு, முப்பத்தாறு நிமிஷச் சொச்சம். ஒரு பாட்டு முடிந்ததா அடுத்தது ஆரம்பித்ததா என்று நிதானிப்பதற்குள் இரண்டுமே முடிந்திருக்கும். உறையின் பின்னால் ஒவ்வொரு பாட்டுக்கும் வெஸ்டர்பெர்க் குறிப்பு எழுதியிருந்தார், எல்லாம் தன்னையே கிண்டல் செய்து. விமர்சகர் திட்டுவதற்கு முன்னால் நாமே திட்டிக்கொண்டால் வலிக்காது என்ற கணக்கு.

அந்த ஆல்பத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அதே வருஷம் வந்த சிங்கிள். ஏ பக்கம் 'ஐ'ம் இன் ட்ரபிள்', வழக்கமான அடிதடி. திருப்பிப் போட்டால் 'இஃப் ஒன்லி யூ வேர் லோன்லி'. ஒரே ஆள், ஓர் அக்கூஸ்டிக் கிட்டார், நாட்டுப்புறச் சாயலில் தனிமையில் வாடும் பாட்டு. இருபத்தோரு வயசில் எழுதியது. அருமையான பாட்டு. அதை ஆல்பத்தில் வைக்காமல், யாரும் திருப்பிப் போட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பி பக்கத்தில் ஒளித்துவைத்தார். பரீட்சையில் நன்றாக எழுதிவிட்டு, பக்கத்துப் பையன் பார்த்துவிடுவானே என்று கையால் மூடிக்கொள்ளும் மாணவன் மாதிரி. கீழே விழுந்து புரள்வதை ஆயிரம் பேர் பார்க்கட்டும், அதில் அவருக்கு வெட்கம் இல்லை. முயற்சி செய்வதை மட்டும் ஒருத்தரும் பார்த்துவிடக் கூடாது. இந்தப் பத்து வருஷக் கூத்தை இந்தச் சாவியைப் போட்டுத் திறந்து பாருங்கள், எல்லா அறைகளும் திறக்கும்.

பாபுக்கு மெல்லிய பாட்டே ஆகாது என்பது இதில் பாதி சிக்கல். வெஸ்டர்பெர்க் தயங்கித் தயங்கி ஒரு மெதுவான பாட்டைக் காட்டினால், இதெல்லாம் நீ தனியாக ஆல்பம் போடும்போது வைத்துக்கொள் என்கிற தோரணையில் பதில் வரும். ஆகவே மனுஷன் மெல்லிய பாட்டுகளை வீட்டில் கேசட்டில் பதிந்து, ஜெஸ்பர்சனிடம் கள்ளக்கடத்தல் சரக்கைப்போலக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1982-ல் 'ஸ்டிங்க்'. எட்டுப் பாட்டு. முதல் பாட்டின் தொடக்கத்தில், ஒரு கூடத்தில் நடந்த கொண்டாட்டத்தைப் போலீஸ் வந்து கலைத்த ஒலிப்பதிவை அப்படியே ஒட்டிவிட்டார்கள். நிஜப் போலீஸ், நிஜக் கலைப்பு. அவசரமாக வெளியிட வேண்டும், கையில் காசில்லை. வெற்று அட்டைகளை வாங்கி, ஆளாளுக்கு உட்கார்ந்து கையால் முத்திரை குத்தினார்கள். இந்தக் குழு ஒழுங்காக உட்கார்ந்து செய்து முடித்த ஒரே அலுவலக வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருஷம் 'ஹூட்டனானி'. ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே ஆளுக்கொரு கருவியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, வாசிக்கத் தெரியாததை வாசித்தார்கள். கடையில் காசு கொடுத்துத் தட்டு வாங்கி வந்தவன் முதலில் கேட்பது இந்தக் கூத்தை. இன்னொரு பாட்டில், ஊர்ப் பத்திரிகையின் 'துணை தேவை' விளம்பரங்களை எடுத்து மைக் முன்னால் வாசித்திருக்கிறார் வெஸ்டர்பெர்க். அவற்றுக்கு நடுவே 'விதின் யுவர் ரீச்'. டிரம் மெஷினை ஓடவிட்டு, எல்லாக் கருவிகளையும் தானே வாசித்து, மற்ற மூவரும் இல்லாமல் பதிந்த காதல் பாட்டு. பின்னாளில் 'சே எனிதிங்' என்ற ஹாலிவுட் படத்தில் அது ஒலித்தது. விளம்பரம் வாசித்ததை எந்தப் படத்திலும் யாரும் போடவில்லை.

1984 அக்டோபர். 'லெட் இட் பி'. ஆமாம், பீட்டில்ஸின் ஆல்பத்துக்கு வைத்த அதே பெயர். ஜெஸ்பர்சன் தீவிர பீட்டில்ஸ் வெறியர். அவரை வெறுப்பேற்றுவதற்காகவே இந்தத் திருநாமம். உறையில் நால்வரும் ஸ்டின்சன் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். கேமராவை முறைப்பதற்குக்கூட தெம்பில்லாத முகங்கள்.

இந்த ஒரு தட்டின் பாட்டு வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் பாட்டு 'ஐ வில் டேர்'. ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக் விருந்தாளியாக வந்து கிட்டார் வாசித்த துள்ளல். நாலாவது பாட்டு டாமிக்கு டான்சில் அறுவைச் சிகிச்சை நடப்பதைப் பற்றி. மிகையில்லை, தலைப்பே அதுதான். ஐந்தாவது 'ஆண்ட்ரோஜினஸ்': பாவாடை கட்டும் ஆணும் சங்கிலி மாட்டும் பெண்ணும் காதலிக்கிறார்கள், ஊர் சிரிக்கிறது, அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். பியானோதான் பிரதானம். 1984-ல், பங்க் கும்பலின் நடுவில் நின்று, கேலியே இல்லாமல் இப்படி ஒன்றைப் பாட எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தத் தைரியத்தைக் காட்டிவிட்டோமே என்ற பதற்றத்தில், அடுத்த பாட்டாக முகச்சாயம் பூசிய 'கிஸ்' குழுவின் 'பிளாக் டைமண்ட்'. ஏழாவது 'அன்சாட்டிஸ்ஃபைட்'. இதற்கு வரிகள் முழுசாக எழுதி முடிக்கப்படவே இல்லை. திருப்தி இல்லை என்ற ஒற்றைப் புலம்பலையே திரும்பத் திரும்ப, தொண்டை கிழிகிறவரை கத்துகிறார். பாப் அந்தப் பாட்டைச் சரியாகக் கேட்டதுகூட இல்லை, கேட்டுக்கொண்டே வாசித்தார். அதுதான் தட்டில் இருப்பது.

ஒன்பதாவது பாட்டு, ஒரு பையனின் உடம்பில் ஏற்படும் சங்கடமான எழுச்சி குறித்தது. தலைப்பை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. அதை ஒட்டிப் பத்தாவதாக 'சிக்ஸ்டீன் ப்ளூ'. பதினாறு வயசின் குழப்பம், தனிமை, யாரிடமும் கேட்க முடியாத சந்தேகங்கள். டாமியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதியது. வளர்ந்த ஆண்கள் கேட்டுவிட்டு மூக்கைச் சிந்துகிற பாட்டு. இந்த இரண்டையும் எழுதியது ஒரே கை, ஒட்டிவைத்ததும் அதே கை. கடைசிப் பாட்டு 'ஆன்ஸரிங் மெஷின்': வெஸ்டர்பெர்க் மட்டும், அலறவிட்ட எலெக்ட்ரிக் கிட்டாரோடு, ஒரு தொலைபேசி இயந்திரத்திடம் தன் காதலைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார். பதிலுக்கு டெலிபோன் ஆபரேட்டரின் பதிவுக் குரல்.

விமர்சகர்கள் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை அந்த வருஷம் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் இந்த ஆல்பத்துக்கு நாலாவது இடம். இரண்டாவது இடத்தில் இருந்தது 'பர்ப்பிள் ரெய்ன்'. அதைச் செய்த பிரின்ஸும் மினியாபொலிஸ்காரர்தான். அவர் படம் எடுத்த ஃபர்ஸ்ட் அவென்யூ கிளப்பின் பக்கத்துச் சின்ன அறை இவர்களுடைய அரங்கம். சுவருக்கு அந்தப் பக்கம் வெல்வெட், இந்தப் பக்கம் வியர்வை.

பேர் வந்ததும் பெரிய கம்பெனிக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள். 1984 டிசம்பரில் நியூயார்க் சி.பி.ஜி.பி. கிளப்பில் கச்சேரி, கூட்டத்தில் கம்பெனி ஆட்கள். நம் ஆட்கள் புளித்த போதையில், சொந்தப் பாட்டை விட்டுவிட்டு, அடுத்தவன் பாட்டுகளைப் பாதி பாதியாகக் கடித்துத் துப்பினார்கள். அவர்களிடம் இது நிரந்தர வழக்கம். யாராவது முக்கியமானவர் வந்திருக்கிறார் என்று காதில் விழுந்தால் போதும், கை நடுங்க ஆரம்பித்துவிடும். நடுக்கம் தெரியாமலிருக்க இன்னும் ரெண்டு ரவுண்டு. அப்புறம் மேடையில் காமெடி. அதே வருஷம் ஓக்லஹோமாவில் நடந்த இப்படி ஓர் அவலத்தை ரசிகர் ஒருவர் திருட்டுத்தனமாகப் பதிவு செய்துகொண்டிருக்க, குழுவின் ஆள் கேசட்டைப் பறித்து வந்தார். என்ன செய்தார்கள்? ட்வின் டோன் மூலமாக அதையே அதிகாரபூர்வமாக வெளியிட்டார்கள். தன் மானத்தைத் தானே கேசட்டில் போட்டு விற்றவர்கள் இவர்கள்.

இத்தனைக்கும் பிறகு, மடோனாவையும் ரமோன்ஸையும் கண்டெடுத்த சீமோர் ஸ்டைனின் சையர் கம்பெனி இவர்களை எடுத்துக்கொண்டது. 1985-ல் 'டிம்'. தயாரிப்பு, ரமோன்ஸில் டிரம்ஸ் வாசித்த டாமி எர்டேலி. 'பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்', 'லெஃப்ட் ஆஃப் தி டயல்', 'ஹியர் கம்ஸ் எ ரெகுலர்'. கடைசியாகச் சொன்னது மதுக்கடையின் நிரந்தர வாடிக்கையாளனைப் பற்றியது. குடியைப் பற்றிப் பாடிய ஆயிரம் ராக் பாட்டுகளில், பார் மூடும் நேரத்தின் அந்த வெறுமை உள்ளபடி இருக்கிற பாட்டு இது. பாடும்போது வெஸ்டர்பெர்க்குக்கு வயசு இருபத்தைந்து.

எம்.டி.வி.க்கு வீடியோ வேண்டும் என்றது கம்பெனி. முந்தைய ஆல்பத்தில் வீடியோக்களைக் கிண்டல் செய்தே ஒரு பாட்டுப் போட்டிருந்தார்கள். இப்போது எந்த முகத்தோடு நடிப்பது? 'பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்' வீடியோவைத் தேடிப் பாருங்கள். கறுப்பு வெள்ளை. ஒரு ஸ்பீக்கர். கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. ஸ்பீக்கர் அதிர்கிறது. முகம் தெரியாத ஒருவன் சோபாவில் சாய்ந்து சிகரெட் பிடிக்கிறான். பாட்டு முடியும்போது எழுந்து, ஸ்பீக்கரை எட்டி உதைத்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் மொத்தமே. கம்பெனியில் பில் பாஸ் செய்த அதிகாரியின் முகத்தைக் கற்பனை செய்து பார்க்கிறேன்.

1986 ஜனவரி 18. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சிக்கு வரவேண்டிய பாயின்டர் சிஸ்டர்ஸ் கடைசி நேரத்தில் வரமுடியாமல் போக, பதிலாள் யார் என்று தேடினார்கள். ரீப்ளேஸ்மென்ட்ஸ்! அமெரிக்கா முழுக்க நேரலை. ஆறு வருஷம் வேனில் உருண்டது இந்த ஏழு நிமிஷத்துக்குத்தான் என்று சொல்லலாம். பயல்கள் மூக்குமுட்டக் குடித்துவிட்டு ஏறினார்கள். முதல் பாட்டில், பாபுக்கு சைகை காட்டும் சாக்கில் வெஸ்டர்பெர்க் மைக்கை விட்டு விலகி ஒரு கெட்ட வார்த்தையை வீச, அது அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரைவரை போய்ச் சேர்ந்தது. இரண்டாவது பாட்டுக்கு வரும்போது ஒருவர் சட்டையை இன்னொருவர் மாட்டியிருந்தார். தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் கொதித்துப் போய், இனி இந்தக் கோஷ்டி இந்தப் படி ஏறக் கூடாது என்று கதவைச் சாத்தினார். வெஸ்டர்பெர்க் மறுபடி அந்த மேடையில் நின்றது 1993-ல், குழுவெல்லாம் கலைந்த பிறகு, தனியாக. இப்போது அந்தப் பழைய ஒளிப்பதிவைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: பிரமாதமாக வாசித்திருக்கிறார்கள்.

அந்த 1986-லேயே பாபை வெளியே அனுப்பினார்கள். குடியும் போதைப் பொருளும் அளவு மீறிவிட்டன என்பது காரணம். தம்பி கழுத்தில் பேஸை மாட்டிய அண்ணனை, தம்பியின் சம்மதத்தோடு நீக்கினார்கள். மேடையில் பெண்களின் கவுன் போட்டுக்கொண்டு வந்து, எவனும் எதிர்பாராத இடத்தில் கிட்டாரைப் பாய விட்ட பாப் இல்லாமல் அது பழைய குழுவாக மறுபடி இருக்கவே இல்லை. 1995 பிப்ரவரியில் பாப் இறந்தார். வயசு முப்பத்தைந்து. ரீப்ளேஸ்மென்ட்ஸின் குடிக்கூத்துகளை ரசித்துச் சொல்லும் ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. நானும் மேலே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு டிக்கெட் வாங்கி வந்தவர்களில் பாதிப் பேர், இன்றைக்கு விழுவார்களா என்று பார்க்கத்தான் வந்தார்கள். விழுந்தால் கைதட்டினார்கள். கைதட்டினவர்கள் மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்கள், விழுந்தவனுக்கு மறுநாளும் கச்சேரி இருந்தது. ஜெஸ்பர்சனையும் அதே 1986-ல் நீக்கினார்கள். கேசட்டை முதலில் கேட்ட மனிதரை.

மிஞ்சிய மூவரும் மெம்ஃபிஸுக்குப் போனார்கள், ஆர்டென்ட் ஸ்டுடியோவுக்கு. போகக் காரணம் பக்தி. எழுபதுகளில் அங்கே 'பிக் ஸ்டார்' என்ற குழு மூன்று அற்புத ஆல்பங்கள் செய்து, அவற்றை யாரும் வாங்காமல் அழிந்துபோனது. அதன் பாடகர் அலெக்ஸ் சில்டன் வெஸ்டர்பெர்க்கின் குலதெய்வம். இருக்கிற தெய்வங்களில், அருள் பாலித்தும் காணிக்கை விழாத தெய்வமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் பாருங்கள். பிக் ஸ்டாரின் மூன்றாவது ஆல்பத்தைத் தயாரித்த ஜிம் டிக்கின்சனே இவர்களுக்கும் தயாரிப்பாளர். லட்சக்கணக்கான குழந்தைகள் சில்டனுக்காக ஏங்கி நிற்பதாகக் கற்பனை செய்து 'அலெக்ஸ் சில்டன்' என்றே ஒரு பாட்டு. 'கான்ட் ஹார்ட்லி வெயிட்' பாட்டில் சில்டனே வந்து கொஞ்சம் கிட்டார் வாசித்தார். டிக்கின்சன் அதில் பித்தளை வாத்தியமும் வயலினும் சேர்த்தார். பங்க் விசுவாசிகள் வயலினைக் கேட்டு மயக்கம் போட்டார்கள்.

1987-ல் வந்த அந்த 'ப்ளீஸ்ட் டு மீட் மீ' ஆல்பத்தில் 'ஸ்கைவே' என்றொரு குட்டிப் பாட்டு. மினியாபொலிஸில் குளிருக்குப் பயந்து, கட்டடத்துக்குக் கட்டடம் இரண்டாம் மாடி உயரத்தில் கண்ணாடிப் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். கீழே தெருவில், பஸ்ஸுக்கு நின்றுகொண்டு ஒருவன் மேலே கதகதப்பாக நடந்து போகும் பெண்ணைத் தினமும் பார்க்கிறான். ஒருநாள் துணிந்து மேலே ஏறிப் போகிறான். அன்றைக்குப் பார்த்து அவள் கீழே தெருவில் நிற்கிறாள். இரண்டே நிமிஷம். இதற்கு முன்னும் பின்னும் இவர்கள் செய்த எல்லா ரகளையையும் மன்னிக்க எனக்கு இந்த இரண்டு நிமிஷம் போதும். ஆல்பத்தின் முதல் சிங்கிளாக இதையா போட்டார்கள்? கட்டட விளிம்பில் தற்கொலை செய்ய நிற்கும் பையனைப் பற்றிய 'தி லெட்ஜ்' பாட்டைப் போட்டார்கள். எம்.டி.வி. அதை ஒளிபரப்ப மறுத்துவிட்டது.

அதே வருஷம் இன்னொரு வீரச்செயல். ட்வின் டோனோடு பணத் தகராறு. நேராக அலுவலகத்துக்குப் போய், தங்கள் ஒலிநாடாக்கள் என்று நினைத்தவற்றை அள்ளிக்கொண்டு வந்து மிசிசிப்பி ஆற்றில் வீசிவிட்டார்கள். இலக்கியத்தில் கவிஞர்கள் சுவடியை ஆற்றில் விடுவார்கள், அது எதிரேறி வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே எதுவும் எதிரேறவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அந்த ஆல்பங்கள் இன்றுவரை கடையில் கிடைக்கின்றன. திருடுவதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

பாபின் இடத்துக்கு ஸ்லிம் டன்லப் வந்தார். நிதானஸ்தர், மற்றவர்களைவிட மூத்தவர். இந்த முறை ஹிட் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தில் 1989-ல் 'டோன்ட் டெல் எ சோல்'. யாரிடமும் சொல்லாதே என்று தலைப்பு வைத்துவிட்டு, ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று பிறகு வருத்தப்பட்டிருப்பார்கள். 'ஐ'ல் பி யூ' ராக் வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. எல்லோரும் கேட்கிற பொதுப் பட்டியலில் 51-ஆம் இடத்தோடு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. அவர்கள் வாழ்நாளின் உச்ச வெற்றி அந்த 51 தான்.

டாம் பெட்டிக்கு முன்னால் வாசிக்கும் சுற்றுப்பயணம் கிடைத்தது. ரசிகர்கள் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு இருக்கை தேடும் நேரத்தில் மேடையேற வேண்டிய வேலை. கடுப்பான இவர்கள் ஒருநாள் பெட்டி குழுவினரின் மனைவிமார் உடைகளை எடுத்து மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு விருது விழா. 'டேலன்ட் ஷோ' பாட்டில் மாத்திரை போட்டதாக வரும் ஓர் இடத்தைத் தணிக்கைக்காரர் ஒலியை அமுக்கி மறைத்தார். வேலை முடிந்தது என்று அவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். பாட்டு முடிகிற இடத்தில், ஒத்திகையில் இல்லாத வரியாக மாத்திரையை மறுபடி இழுத்துவந்து போட்டார் வெஸ்டர்பெர்க். இந்தத் தடவை பொத்தானை அமுக்க ஆளில்லை.

1990-ல் 'ஆல் ஷுக் டவுன்', பெயருக்குத்தான் குழு ஆல்பம். கிறிஸ் மார்ஸ் விலகிப் போய் ஓவியரானார்; நல்ல ஓவியரும்கூட. 1991 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம், சிகாகோ கிரான்ட் பார்க். கடைசிக் கச்சேரி. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராகத் தங்கள் கருவியைப் பெட்டி தூக்கும் ஊழியரிடம் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போனார்கள். ரீப்ளேஸ்மென்ட்ஸுக்கே ரீப்ளேஸ்மென்ட்ஸ். பாட்டை முடித்து வைத்தவர்கள் ஊழியர்கள்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 24 அன்று நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்தது. கிழிந்த சட்டை, தொண்டை கிழியும் கத்தல், தன்னைத்தானே வெறுக்கும் பாடகன் ஆகிய சரக்குக்குத் திடீரென்று உலகச் சந்தை திறந்துவிட்டது. பத்து வருஷம் அதே சரக்கைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூவியவர்கள் அப்போதுதான் வண்டியை விற்றிருந்தார்கள். 1992-ல் 'சிங்கிள்ஸ்' என்ற படம் சியாட்டில் இளைஞர்களைப் பற்றி வந்தது. பாட்டுத்தொகுப்பில் பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், பெரும்பாலும் சியாட்டில் சூரர்கள். நடுவில் இரண்டு பாட்டோடு வெஸ்டர்பெர்க். அவரைப் பார்த்து வளர்ந்த கூ கூ டால்ஸ், அவர் பாணியை இஸ்திரி போட்டு மடித்துக் கோடிகளில் விற்றது.

டாமியின் கதை தனி ரகம். 1998-ல் கன்ஸ் அண்ட் ரோஸஸில் பேஸ் வாசிக்கச் சேர்ந்தார். மேடைக்குத் தாமதமாக வருவதில் உலகப் புகழ் பெற்ற ஆக்ஸல் ரோஸிடம் பதினைந்து வருஷத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தார். பன்னிரண்டு வயசிலிருந்து வாங்கிய பயிற்சி வீண் போகவில்லை.

வெஸ்டர்பெர்க் வீட்டு பேஸ்மென்ட்டுக்குள் போய்விட்டார். 2006-ல் 'ஓப்பன் சீசன்' என்ற கரடிக் கார்ட்டூன் படத்துக்குப் பாட்டுகள் செய்தார். அதே வருஷம் மெழுகுவர்த்தியில் உறைந்த மெழுகை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டப் போய், கிட்டார் பிடிக்கும் இடது கையிலேயே குத்திக்கொண்டார். 2008-ல் '49:00' என்று ஓர் ஆல்பம். விலை 49 சென்ட். நீளம் 49 நிமிஷம் என்று நினைப்பீர்கள், கிட்டத்தட்ட 44 தான். பாட்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே நீளக் கோப்பாகப் போட்டிருந்தார். ஒன்று பிடித்திருந்தால் அது எங்கே என்று நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். நல்ல பாட்டை ஒளித்துவைக்க இணையத்திலும் ஒரு வழி கண்டுபிடித்த முதல் மனிதர். கொஞ்ச நாளில் அதையும் இறக்கிவிட்டார்கள்.

2012-ல் ஸ்லிம் டன்லப்புக்குப் பக்கவாதம். அவர் வைத்தியச் செலவுக்காகப் பழைய ஆட்கள் கூடி ஒரு தட்டுப் பதிந்தார்கள். அதிலிருந்து 2013-ல் மறுபடி மேடை. டொரன்டோ, சிகாகோ, டென்வர். இருபத்திரண்டு வருஷம் கழித்து, இப்போது பாட்டை முழுசாக, நிதானமாகப் பாடினார்கள். 2014-ல் கோச்செல்லா விழாவில் வெஸ்டர்பெர்க்குக்கு முதுகுப் பிடிப்பு. மேடையில் ஒரு சோபாவைப் போட்டுப் படுத்துக்கொண்டே பாடினார்; கிட்டாருக்குக் கை கொடுத்தவர் கிரீன் டே குழுவின் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங். அவரோ வாழ்க்கைக் கனவு நிறைவேறிய குதூகலத்தில் இருந்தார். செப்டம்பரில் சொந்த ஊருக்குப் பக்கத்தில் செயின்ட் பால் மிட்வே ஸ்டேடியத்தில் சுமார் 14,000 பேர்.

இந்தச் சுற்றில் வெஸ்டர்பெர்க் ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பனியன் போட்டு வந்தார், முன்னால் ஓர் எழுத்து, முதுகில் ஓர் எழுத்து. ஏதோ கிழவனின் கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள் பலரும். வேலையில்லாத ரசிகர்கள் சிலர் புகைப்படங்களைத் தேதிவாரியாக அடுக்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். உங்களை எப்போதும் நேசித்திருக்கிறேன், இப்போது என் கடந்த காலத்தைக் கூவி விற்றாக வேண்டும் என்கிற பொருளில் ஒரு கடிதம். நம் மொழியில் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறேன், மூலத்தில் 'விற்க' என்பதற்கு அவர் போட்ட வினைச்சொல் வேறு. காதல் கடிதத்தையே கச்சேரிக்கு இரண்டு எழுத்தாக, வியர்வை பனியனில் எழுதி, அதிலும் பாதியை முதுகுப் பக்கம் ஒளித்துவைத்திருந்தார். 2015 ஜூனில் போர்ச்சுகல் போர்ட்டோ நகரில், இதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டு இறங்கினார்.

2023-ல் 'டிம்' ஆல்பத்தை ரமோன்ஸின் பழைய ஒலிப்பொறியாளர் எட் ஸ்டேசியம் அசல் நாடாக்களிலிருந்து மறுபடி கலந்து கொடுத்தார். 1985 பதிப்பில் டிரம்ஸ் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் கேட்கும். புதியதில் மார்ஸ் உங்கள் மடியில் உட்கார்ந்து அடிக்கிறார். 'பிட்ச்ஃபோர்க்' பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டது. முப்பத்தெட்டு வருஷமாக அந்த ஆல்பத்தின் சேறு படிந்த சத்தத்துக்கும் இந்த நாலு பேரின் குடியையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது கலவை மேசைக்காரரின் கைங்கரியம் என்று இப்போது தெரிகிறது. வாங்குவதானால் இந்தப் புதுப் பதிப்பையே வாங்குங்கள். பாபின் கிட்டார் எங்கே நுழைகிறது என்பது இதில்தான் சரியாகக் காதில் விழுகிறது.